கரித்தாளில் காத்திருந்த குரல்



எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டு உண்டு என்பது நம் இலக்கணம் கற்றோர் அறிந்தது. ஒலி தன்னைத்தானே வரியாக்கிக்கொள்ளுமா என்று வினவியவர், பாரிசு நகரில் அச்சுத் தொழிலில் இருந்த லியோன் ஸ்காட். 1857 மார்ச்சில் காப்புரிமைக்குப் பதிந்த அவருடைய கருவி, மனிதச் செவியைப் பார்த்து அமைத்தது. அகன்ற வாயுள்ள கூம்பில் பேசினால் அடியிலுள்ள சவ்வு அதிரும். அதில் ஒட்டிய முள்மயிர், விளக்குக்கரி பூசிய தாளில் அவ்வதிர்வை நெளிகோடாக வரையும். தாள் சுற்றிய உருளையைக் கையால் சுழற்றவேண்டும். வரைந்த கோட்டை மீண்டும் ஒலியாக்க அதில் வழியில்லை. ஸ்காட் அதை நாடவும் இல்லை. பேச்சைக் கண்ணால் படிப்பதே அவர் வேட்கை.

குரல் திரும்பிவரவேண்டும் என எண்ணியவர்களுள் ஒருவர் கவிஞர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வெர்லேன், ரேம்போ முதலியோர் 1871இல் கூடிய கவிஞர் வட்டத்தைச் சேர்ந்த சார்ல் குரோ, கோட்டை உலோகத்தில் பள்ளமாக்கி, அதன்வழி முள்ளை மீண்டும் ஓட்டினால் ஒலி பிறக்கும் என்று எழுதி, 1877 ஏப்ரலில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முத்திரையிட்ட உறையாக ஒப்படைத்தார். கருவியை அவர் செய்து முடிக்கவில்லை. டிசம்பரில் உறை பிரிக்கப்பட்டபோது, அமெரிக்காவில் எடிசன் தம் கருவியை முன்னரே அறிவித்துவிட்டார். உருளைமேல் சுற்றிய வெள்ளீயத் தாள் அவருடைய குரலைத் திருப்பிச் சொல்லிற்று. ஸ்காட் 1879இல் மறைந்தார்.

ஆயினும் அவர் கரித்தாள்கள் அழியவில்லை. 1860 ஏப்ரல் 9ஆம் நாள் பதிந்த பிரெஞ்சு நாட்டுப்பாடல் ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் கணினியின் துணையால் ஒலிக்கச் செய்தனர். சிறுமியின் குரல் என்றே உலகம் கேட்டு வியந்தது. மறு ஆண்டில் உண்மை புலப்பட்டது. ஓட்டிய வேகம் இருமடங்கு! வேகத்தைக் குறைத்தபோது, மெல்லப் பாடும் ஓர் ஆண்குரல் கேட்டது. அது ஸ்காட்டின் குரலாகவே இருக்கலாம் என்பர்.

பிழை எங்கே நேர்ந்தது? குரற்கோட்டின் அருகே இசைக்கவை ஒன்றின் அதிர்வையும் ஸ்காட் வரையச் செய்திருந்தார். காலத்தை அளக்கும் கோடு அது. அவ்வளவைத் தவறாகக் கொண்டதால் ஆள் மாறினார். சரியாகக் கொண்டதும் அவர் மீண்டார். கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் மாத்திரைக்கு அளவாக்கிய தொல்காப்பியர் வழிவந்தோர்க்கு இது வியப்பன்று. மாத்திரை பிறழ்ந்தால் குரல் வேறொருவருடையதாகிவிடும்.

இம்மலரில் நம் கவிஞர்களின் சொற்கள் அச்சேறுகின்றன. எச்சொல்லை நீட்டினார்கள், எங்கே மூச்செடுத்தார்கள் என்பது அச்சில் ஏறாது. முதலாண்டில் நம்மிடையே படித்தவர்களுள் சிலர் இன்று இல்லை. அவர்கள் கவிதையை இன்று நம் மாத்திரையில்தான் படிக்கிறோம். ஒலிப்பதியும் கருவி இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அடுத்த கூட்டம் முதல் மூத்தோர் படிக்கும் கவிதைகளை, நாளும் பெயரும் குறித்து, நாம் பதிந்து வைக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.