தினசரி எண்ணிக்கையை எப்படிப் பார்ப்பது?



வங்கியில் இருந்தவன் என்பதால், மாலையில் வந்த கொரோனா அறிக்கையை பாஸ்புக் போலப் பார்த்தேன். காசோலை கொடுத்த நாள் வேறு, வரவான நாள் வேறு. 2020 ஜூலை 22 அறிக்கையில் தமிழகத்தில் 444 மரணங்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. அவை மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை நிகழ்ந்து, கணக்கில் விடுபட்டவை.

தொற்றுக் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 100 பேரைச் சோதித்து 10 பேருக்குத் தொற்று என்றால் 10 சதவீதம். மறுநாள் 50 பேரில் 8 என்றால் 16 சதவீதம். எண்ணிக்கை குறைவுதான், நிலைமை மோசம்.

எனவே "இன்று குறைவு" என்று வாட்ஸ்அப்பில் வந்ததும் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். சோதனை எண்ணிக்கையையும் ஏழு நாள் சராசரியையும் சேர்த்துப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் மறைக்காமல் சோதித்துக்கொள்ளுங்கள். சோதிக்காதவர் அறிக்கையில் வரமாட்டார். லிஃப்டில் நம்மோடுதான் வருவார்.