பார்த்து வரைந்தால் தப்பா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியது)

பிள்ளைகளின் ஓவியப் போட்டியில் "சொந்தக் கற்பனை மட்டும்" என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். அதைத் தளர்த்தலாமா என்று கேட்கத்தான் வந்தேன்.

சீனாவில் மலையையும் நீரையும் வரைந்தவர்கள் பழைய ஆசான்களின் படங்களைப் பார்த்து வரைந்தே கை பழகினார்கள். 14ஆம் நூற்றாண்டில் ஹுவாங் கோங்வாங் என்பவர் ஃபூச்சுன் மலைகளை ஒரு நீண்ட சுருளில் வரைந்தார். பின்னாளில் அது ஷென் ஜோ என்ற ஓவியரிடம் வந்து, கைவிட்டும் போனது. அவர் மனம் தளரவில்லை. 1487இல் நினைவிலிருந்தே அந்த மலைகளை வரைந்தார். 1650இல் அசல் சுருள் தீயில் சிக்கி இரண்டு துண்டானது. ஷென் ஜோவின் படம் இன்றும் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? மீன்சுருட்டிக்குப் பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திரன் தன் தகப்பனார் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துத்தான் அதைக் கட்டினான். ஆனால் தஞ்சை விமானம் நேராக ஏறும். இது உள்வாங்கி வளைந்து ஏறும். உயரமும் குறைவு. பார்த்துச் செய்ததுதான், ஆனாலும் அது தனிக் கோயில்.

சீன ஓவியர்கள் யாரைப் பின்பற்றி வரைந்தோம் என்று படத்திலேயே எழுதுவதுண்டு. நம் பிள்ளைகளும் அப்படி எழுதட்டும். மறைத்தால்தான் திருட்டு, பெயரைச் சொன்னால் அது பாடம். அடுத்த போட்டிக்குள் முடிவெடுப்போம்.