தாமரையிலையும் பனிக்கட்டியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். வேர்த்து வடியும் இந்த ஊரில் கூட்டம் போட்டு, பனிக்கட்டி ஒட்டாமலிருக்க என்ன பூச்சுப் பூசுவது என்று பேச வந்துவிட்டார்களே என்று நீங்கள் நினைத்தால் அதில் தப்பொன்றுமில்லை. நமக்குப் பனிக்கட்டி என்றால் குச்சி ஐஸும், மீன் பெட்டியும், கலியாண வீட்டுச் சர்பத்துந்தான். ஆனால் குளிர் தேசங்களில் அது ஆளைக் கொல்லுகிற சாமானாயிருக்கின்றது. ஆகாய விமானத்தின் இறக்கையில் படிந்தால் விமானம் விழுகிறது. மின்சாரக் கம்பியில் படிந்தால் கோபுரம் சாய்கிறது. நம்முடைய பிள்ளைகுட்டிகள் படிப்புக்கென்றும் பிழைப்புக்கென்றும் அந்தத் தேசங்களுக்குப் பறந்து போய்வருகிற இந்தக் காலத்தில், அந்த இறக்கையின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்பது நம் வீட்டுச் சங்கதியுமாகும்.

தண்ணீர் 0 டிகிரியில் உறையுமென்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். குளத்துத் தண்ணீருக்கு அது சரி. ஆனால் மேகத்திலிருக்கும் சிறு துளி அப்படியல்ல. 0 டிகிரிக்குக் கீழே 20, 30 டிகிரி போனாலும் சில சமயங்களில் அது உறையாமல் தண்ணீராகவே மிதந்துகொண்டிருக்கும். உறைய ஆரம்பிப்பதற்கு அதற்கு ஒரு பிடிப்பு வேண்டும். விமானத்தின் இறக்கை வந்து மோதியதும் அந்தப் பிடிப்புக் கிடைத்துவிடுகிறது. உடனே உறைந்து ஒட்டிக்கொள்ளுகிறது. பனியின் கனத்தினால்தான் விமானம் விழுகிறதென்று அனேகர் எண்ணுகிறார்கள். கனத்தைவிடப் பெரிய கேடு இறக்கையின் உருவம் கெட்டுப்போவதேயாகும். தச்சர்கள் மரம் தேய்க்கும் உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பாக ஒரு மெல்லிய படலம் படிந்தாலே போதும். தூக்கும் சக்தி 100-க்கு 30 வரை குறையலாம், காற்றின் தடை 100-க்கு 40 வரை கூடலாம் என்று அளந்து கண்டிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு கதை சொல்லுகிறோம். கதை என்றால் புராணமல்ல, நடந்தது. 1989-ம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ந் தேதி கனடா தேசத்தில் டிரைடன் என்ற சிறு ஊரின் விமான நிலையத்தில் 65 பிரயாணிகளும் 4 சிப்பந்திகளுமாக ஒரு விமானம் நின்றது. ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது, இறக்கையின் மேல் அது படிவது ஜன்னல் வழியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் கழுவாமலேயே விமானம் ஓடிற்று, எழும்ப முடியாமல் ஓடுபாதைக்கு அப்பாலிருந்த மரங்களில் மோதிற்று. 24 பேர் மாண்டார்கள்.

இது நம் ஊரில் நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? “விதி, யாரால் தடுக்க முடியும்?” என்று சொல்லியிருப்பார்கள். கனடா சர்க்கார் ஜாதகம் பார்க்கவில்லை. மொஷான்ஸ்கி என்ற நீதிபதியை நியமித்து விசாரிக்கச் சொல்லிற்று. 1992-ல் வந்த அவருடைய முடிவான அறிக்கையில் 191 சிபாரிசுகள் இருந்தன. விதி என்று சொல்லக்கூடியதாக அதில் ஒன்றுமில்லை. விமானத்தின் துணை இயந்திரம் பழுதாயிருந்தது. பெரிய இயந்திரத்தை நிறுத்தினால் திரும்பக் கிளப்புவதற்கு அந்த ஊரில் சாதனமில்லை. இயந்திரம் ஓடும்போது பனியைக் கழுவக்கூடாது என்பது கட்டளை. ஆகவே நிறுத்தவுமில்லை, கழுவவுமில்லை. இந்தச் சங்கிலியில் ஏதாவது ஒரு கண்ணியை யாராவது அறுத்திருக்கலாம்.

ஆனால் அந்த விசாரணையில் நம் மனதைத் தைக்கிற சங்கதி வேறொன்று. பிரயாணிகளிலேயே இரண்டு பேர் விமானம் ஓட்டுகிற தொழிலிலுள்ளவர்கள்; அன்று வேலையில்லாமல் பிரயாணம் செய்தார்கள். அவர்கள் பனியைப் பார்த்தார்கள். விமானத்தில் உபசாரம் செய்யும் பெண்ணும் பார்த்தாள். ஒருவரும் ஓட்டுகிறவரிடம் போய்ச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா, அவர் காரியத்தில் நாம் தலையிடுவதா என்கிற மரியாதை! தோழர்களே, இந்த மரியாதையை நாம் வேறு அனேக இடங்களில் பார்த்திருக்கிறோம் அல்லவா? கண்ணால் கண்டதைக்கூட, “பெரியவர்களுக்குத் தெரியாதா?” என்று வாயை மூடிக்கொண்டு விழுங்குகிற வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமல்ல என்று இதனால் தெரிகிறது.

நிற்க, பூச்சு விஷயத்துக்கு வருவோம்.

பனிக்கட்டி ஏன் ஒட்டுகிறது? தண்ணீராயிருக்கும்போது அது உலோகத்தின் மேலுள்ள நுண்ணிய பள்ளங்களிலெல்லாம் புகுந்து பரவிவிடுகிறது; பிறகு அங்கேயே கல்லாகிவிடுகிறது. பசையும் தானே, ஆணியும் தானே என்று ஆகிவிடுகிறது. அதைப் பிரிக்க ஒரு வழி சூடு. குச்சி ஐஸ் செய்கிறவர் அச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சை ஒட்டிய மெல்லிய படலம் உருகினவுடன் ஐஸ் வழுக்கிக்கொண்டு வருகிறது. பெரிய ஜெட் விமானங்களில் இயந்திரத்தின் சூடான காற்றை இறக்கையின் முன்விளிம்புக்குள் செலுத்துவதும் இதே வித்தைதான். ஆனால் சூட்டுக்கு எண்ணெய் எரிய வேண்டும், பணம் எரிய வேண்டும். ஒட்டவே ஒட்டாத ஒரு பூச்சுக் கிடைத்துவிட்டால் இவ்வளவு பாடில்லையே என்ற ஆசை விமானத்தோடேயே பிறந்த ஆசை.

1930-ல் அமெரிக்க சர்க்காரின் விமான ஆராய்ச்சிச் சபையார் குளிரூட்டிய காற்றுக் கூண்டில் பற்பல பூச்சுகளைச் சோதித்துப் பார்த்தார்கள். தண்ணீரில் கரையக்கூடியவை சில பயன்பட்டன; கரையாதவை ஒன்றுகூடப் பயன்படவில்லை. கரைகிற பூச்சோ கரைந்தே போய்விடும், நெடுநேரம் நிற்காது. அதே காலத்தில் குட்ரிச் ரப்பர் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற கீர் என்ற ரசாயன நிபுணரும் எண்ணெய் ஊட்டிய ரப்பரில் பனி ஒட்டுவது குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். குறைந்தது, ஆனால் அது மட்டும் போதவில்லை. ஆகவே ரப்பர் உறையை இறக்கையின் முன்விளிம்பில் மாட்டி, அதைக் காற்றால் உப்பவும் சுருங்கவும் செய்து பனியை உடைத்துத் தள்ளும் ஏற்பாடு பிறந்தது. இன்றும் சிறிய விமானங்களில் இந்த உறைகளைக் காணலாம். ஆனால் உறை முன்விளிம்பை மட்டுமே காக்கும். 1994-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் ரோஸ்லான் என்ற இடத்தருகே பெரிய துளிகளாக வந்த உறைதூறல் அந்த உறையைத் தாண்டிப் பின்னாலே போய் வரப்புப் போல உறைந்தது. விமானம் புரண்டு விழுந்து 68 பேரும் இறந்தார்கள்.

இவ்விடத்தில் ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். “தாமரையிலைமேல் தண்ணீர் ஒட்டாது என்பது நம் முன்னோர் அறிந்ததுதானே? அதைப்போல் ஒரு பூச்சுச் செய்தால் பனியும் ஒட்டாதே. வெள்ளைக்காரன் இதற்கு இவ்வளவு கஷ்டப்படுவானேன்?” என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்! தாமரையிலைமேல் தண்ணீர் உருண்டோடுவதை நம் பாட்டிகளும் அறிவார்கள். ஏன் உருள்கிறது என்பதை நுண்ணோக்கியில் பார்த்து விளக்கியவர் ஜெர்மனியில் பான் நகரத்துத் தாவர நூல் ஆசிரியர் பார்த்லாட். 1997-ல் வெளியிட்டார். இலை வழவழப்பானதல்ல, கண்ணுக்குத் தெரியாத மெழுகு மேடுகள் நிறைந்தது. மேடுகளுக்கிடையே காற்று அடைபட்டிருப்பதால் துளி அந்தக் காற்றின் மேல் உட்கார்ந்து உருளுகிறது. இதைப் பார்த்து உலோகத்திலும் அப்படி மேடுகள் செய்தார்கள். துளி உறைவதற்கு முன்னே துள்ளி ஓடிற்று. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அதோடு நிற்காமல் சோதித்தார்கள். ஈரக்காற்றில் அந்தப் பரப்பைக் குளிர வைத்தால் என்ன ஆகிறது? 2010-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவில் ஆசிரியராயிருக்கும் கிருபா வாரணாசியும் அவரோடு வேலை செய்தவர்களும் அதைப் பார்த்துச் சொன்னார்கள். உறைபனி மேலிருந்து துளியாக வருவதில்லை; காற்றிலுள்ள ஆவியே நேராக மேடுகளின் மேலும் பள்ளங்களின் உள்ளும் பனியாக முளைக்கிறது. காற்று இருந்த இடத்தைப் பனி பிடித்துக்கொள்ளுகிறது. அப்புறம் தண்ணீரைத் தள்ளின மேடுகளே பனிக்குக் கொக்கிகளாகி, சாதாரணப் பரப்பைவிட அதிகமாகவே பற்றிக்கொள்ளுகின்றன. கனடாவில் சிக்கூத்திமி நகரத்து ஆராய்ச்சிக்காரர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். ஒவ்வொரு தடவை பனியைப் பெயர்க்கும்போதும் மேடுகளின் நுனிகள் கொஞ்சங் கொஞ்சமாகச் சேதமாகின்றன.

ஆகவே சீட்டுத் தோழருக்கு நாம் சொல்லுவது என்னவென்றால், தண்ணீரைத் தள்ளுவது வேறு, பனிக்கட்டியை விடுவது வேறு என்பதேயாகும். இரண்டும் ஒன்றென்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கேட்பதற்கு நியாயமாயிருப்பது வேறு, உண்மையாயிருப்பது வேறு. முன்னோர் சொன்னதானாலும் சரி, மேல்நாட்டுப் பண்டிதர் சொன்னதானாலும் சரி, உறைய வைத்துப் பெயர்த்துப் பார்க்காமல் தெரியாது.

பிறகு வேறு வழிகள் தேடினார்கள். 2011-ல் ஹார்வர்டு கலாசாலையில் ஐசன்பெர்க் அம்மையார் குழுவினர் பூச்சியைத் தின்னும் குடுவைச் செடியைப் பார்த்து ஒரு யோசனை செய்தார்கள். (இலங்கையிலும் இயற்கையாக வளரும் குடுவைச் செடி ஒன்று உண்டு.) அந்தக் குடுவையின் வாயில் எப்போதும் ஈரம் நிற்பதால் எறும்பு வழுக்கி உள்ளே விழுகிறது. அதுபோல நுண்ணிய துளைகளுள்ள பரப்பில் எண்ணெயை ஊறவைத்தால் பனி உட்காருவது திடமான பொருளின் மேலல்ல, எண்ணெயின் மேல். பெயர்ப்பது சுலபமாயிற்று. குறை என்னவென்றால், பனி போகும்போது கொஞ்சம் எண்ணெயையும் கொண்டு போய்விடுகிறது.

பனி எவ்வளவு பலமாக ஒட்டியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்குண்டு. சதுர செண்டிமீட்டருக்கு 1 கிலோ எடையளவு இழுத்தால் பெயர்ந்துவிடுமானால் அது ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல். வெறும் அலுமினியத்தில் இதைப்போல் பல மடங்கு வேண்டும். 20 கிலோபாஸ்கலுக்குக் கீழே, அதாவது சதுர செண்டிமீட்டருக்கு 200 கிராமுக்குக் கீழே வந்துவிட்டால் காற்றடித்தும் தன் கனத்தாலும் தானே விழக்கூடும் என்கிறார்கள். 2016-ல் மிச்சிகன் கலாசாலையைச் சேர்ந்த துதேஜாவும் கோலோவினும் அவர்கள் குழுவினரும் மெதுவான ரப்பர்ப் பூச்சுகளில் இந்த அளவுக்கும் வெகு கீழே இறங்கிக் காட்டினார்கள். பனி வளையாது, ரப்பர் வளையும். இழுக்கும்போது ஒன்று நெளிய மற்றது நெளியாததனால் ஒட்டு விட்டுப்போகிறது.

2019-ல் அதே குழுவினர் இன்னொரு நுட்பத்தைக் கண்டார்கள். அதை நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே பார்க்கலாம். நன்றாகப் பழகின தோசைக் கல்லில் தோசையை எடுக்கும்போது தோசை முழுவதையும் ஒரே மூச்சில் பிடுங்குகிறோமா? திருப்பியை விளிம்பில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால், அந்தப் பிரிவு தானே உள்ளே ஓடித் தோசை முழுவதும் வந்துவிடுகிறது. பெரிய தோசைக்கும் சிறிய தோசைக்கும் நெம்பும் பலம் அதிகம் வித்தியாசப்படுவதில்லை. பழகாத கல்லிலோ பெரிய தோசைக்குப் பெரிய பாடு. அதுபோலவே, விரிசல் ஓடுவதற்குத் தடையில்லாத மெல்லிய பூச்சாயிருந்தால், ஒரு ஓரத்தில் விரிசல் விழுந்ததும் பெரிய பனிப்பாளம் முழுவதும் கழன்றுவிடுகிறது; பரப்புப் பெரிதாகப் பெரிதாகப் பலம் கூடவேண்டியதில்லை. காற்றாலையின் இறக்கைக்கும் கப்பலின் தளத்துக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது யோசித்தால் விளங்கும்.

மின்சாரக் கம்பிக்கும் இப்படியொரு பூச்சு வேண்டியதுதான். 1998-ம் வருஷம் ஜனவரியில் கனடாவின் கெபெக் மாகாணத்தில் சில நாட்கள் உறைமழை பெய்ததில் பெரிய மின்கோபுரங்களே சுமார் 1,000 சாய்ந்துபோய், லட்சக்கணக்கான வீடுகள் நடுக்குளிரில் இருளில் கிடந்தன.

அப்படியானால் விமானத்துக்கெல்லாம் இந்தப் பூச்சுகளைப் பூசிவிட்டார்களா என்றால் இல்லை. ஆராய்ச்சிச் சாலையில் ஜெயிப்பது ஒரு பரீட்சை. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் மழையும் மணலும் அறைய, வெயில் காய, வருஷக்கணக்கில் நிற்பது வேறு பரீட்சை. மெதுவான பூச்சு தேய்கிறது, எண்ணெய்ப் பூச்சு வற்றுகிறது. ஆகவே இன்றைக்கும் பனி நாட்டு விமான நிலையங்களில், கிளைக்கால் கலந்த சூடான திரவத்தைப் பீய்ச்சித்தான் இறக்கையைக் கழுவுகிறார்கள். அதற்குமேல் கெட்டியான இன்னொரு திரவத்தைப் பூசி, அது எத்தனை நிமிஷம் தாங்குமென்று அட்டவணை பார்த்து, அதற்குள் விமானத்தைக் கிளப்புகிறார்கள். கிளம்பும் வேகத்தில் அது வழிந்தோடிவிடும். பூச்சு ஒன்று கண்டுபிடித்தாயிற்று, இனிமேல் கழுவ வேண்டாம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் எந்த விமானத்தில், எத்தனை மாதம், யார் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

இன்னொரு சீட்டு வந்திருக்கிறது. வீட்டிலுள்ள பழைய குளிர்ப்பெட்டியின் உறைபெட்டியில் பனி மொத்தமாகப் பிடித்துக்கொள்ளுகிறதே, எண்ணெய் தடவலாமா என்று கேட்கிறார். எண்ணெயெல்லாம் வேண்டாம் தோழரே. கத்தியால் மட்டும் குத்தாதீர்கள். உள்ளே குளிர்வாயு ஓடும் குழாய் ஓட்டையானால் பெட்டியே போய்விடும். மின்சாரத்தை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வையுங்கள். ஓரத்தில் விட ஆரம்பித்ததும் பாளம் பாளமாகத் தானே கழன்று வரும்.