குரு யார் என்று கேட்காத காதுகள்

(சொந்தமாகக் கீர்த்தனை எழுதி மெட்டமைக்கும் நண்பர்கள் தெள்ளாரில் கூடிய மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் ஊரின் பெயர் ஒரு போரால் வரலாற்றில் நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே வென்ற மூன்றாம் நந்திவர்மனை ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’ என்கிறார்கள். அவனைப் பாடிய நந்திக்கலம்பகம் இன்றும் இருக்கிறது. பாடியவர் பெயர்தான் தெரியவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு வருகிறேன்.

என் அப்பா கூலிக்குப் பட்டு நெய்தவர். அவர் தறியைப் பற்றி நான் ஒரு கீர்த்தனை எழுதினேன். கரகரப்பிரியா, ஆதி தாளம். முனைவர் பட்ட ஆய்வுக்காக நகரத்துக்குப் போன புதிதில், அதை ஒரு பாட்டாசிரியரிடம் பாடிக் காட்டினேன். பல்லவி முடிந்ததும் மூன்று கேள்வி கேட்டார். யாரிடம் பாடம்? வீட்டில் யாராவது பாடுவார்களா? ஊரில் எந்தப் பக்கம்? மூன்றுக்கும் பதில் சொன்னேன். “சினிமாவுக்கு முயற்சி பண்ணலாமே” என்றார். அனுபல்லவியை அவர் கேட்கவே இல்லை.

அவர் என் பாட்டைத் திட்டியிருந்தால்கூட நன்றி சொல்லியிருப்பேன். ஏனென்றால் அதில் பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பக்கத்துத் தறிக்காரர், எனக்குப் பெரியப்பா முறை. ராகம் தாளம் எதுவும் கற்றவரில்லை. “ஏம்மா, தறிய இப்படி இழுக்குற? இழை அறுந்துடும்” என்றார். கேட்டுப் பார்த்தேன். ‘தறி’ என்ற குறில் சொல்லின் மேல் நீண்ட கார்வையை வைத்திருந்தேன். அது ‘தறீ’ ஆகிவிட்டிருந்தது. எடுப்பை அரை இடம் தள்ளிப் போட்டேன், சரியாகிவிட்டது.

மேடையில் யார் பாடுவது என்பதைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. புதிதாக ஒருத்தி இயற்றியதை யார் காது கொடுத்துக் கேட்பது? கேட்டுக் குறை சொல்ல ஆளில்லாமல் எந்தக் கலைஞரும் வளர்வதில்லை. திண்ணை, குருவின் வீடு, சபாவின் பின்னறை என்று அந்தக் குறை சொல்லப்படும் இடங்களுக்குக் கதவு வைத்ததுதான் சாதி செய்த வேலை.

ஒரு திண்ணைக் கதையைச் சொல்கிறேன். உ.வே.சாமிநாதையர் பதிவு செய்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை முடித்துவிட்டு, மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்டுப் போகிறார். பாட்டில் இலக்கணப் பிழை இருப்பதால் பிள்ளைக்குத் தர மனமில்லை. பாரதியார் மறுபடி மறுபடி நடக்கிறார். ஒருநாள் காத்திருக்கும்போது அவர் உருகிப் பாடுவதைக் கேட்டுப் பிள்ளை மனம் கரைந்து பாயிரம் எழுதிக் கொடுக்கிறார்.

அழகான கதைதான். இலக்கணமா, உணர்ச்சியா என்ற விவாதம் இன்றைக்கும் நமக்குத் தேவை. ஆனால் அந்தப் பாட்டு யாரைப் பற்றியது? சேரியில் பிறந்த ஒரு பண்ணையாளைப் பற்றியது. பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் பண்ணையாரைப் பாரதியார் புதிதாகச் சேர்த்தார். பண்ணையடிமையின் துயரம் அதனால் கண்முன் வந்தது. ஆனாலும் நந்தன் நெருப்பில் இறங்கித்தான் கோயிலுக்குள் போக முடிகிறது. அந்தக் காட்சியைக் கேட்டு, “ஐயா, இந்த இடம் எங்களுக்குச் சரியாகப் படவில்லை” என்று சொல்லும் உரிமையோடு நந்தனின் ஆட்கள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியுமா? எழுவாய் பயனிலையில் உள்ள பிழையைச் சுட்ட ஆள் இருந்தது. நெருப்பில் உள்ள பிழையைச் சுட்ட ஆள் இல்லை.

இன்னொரு வீட்டுக்கு வாருங்கள். கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைய உரிமையில்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1908இல் தீர்ப்பளித்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, அதே சமூகத்தில் பிறந்த கிறித்தவர் ஒருவர், தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி வித்வான்களைத் தன் செலவில் அழைத்து மாநாடு நடத்தினார். ஆபிரகாம் பண்டிதர். பள்ளி ஆசிரியராக இருந்து சித்த மருத்துவரானவர். இசை அவருக்குப் பிழைப்பு அல்ல. ஆனால் கீர்த்தனைகள் இயற்றினார். சுருதி எத்தனை என்று ஆராய்ந்தார். 22 சுருதி என்ற வழக்கத்தை மறுத்து, 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் 24 என்று வாதிட்டார். அவர் குடும்பத்துப் பெண்களே அங்கே இசைத்துக் காட்டினார்கள். 1917இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது.

அவர் சொன்ன கணக்கை இன்று எல்லோரும் ஏற்பதில்லை. பரவாயில்லை. ஒரு கூற்றை வைத்து, வாசித்துக் காட்டி, “மறுப்பிருந்தால் சொல்லுங்கள்” என்று சபையைப் பார்த்துக் கேட்டாரே, அதுதான் நமக்கு முன்னுதாரணம். அதோடு நிறுத்திவிடவும் கூடாது. அந்த மாநாட்டுப் பந்தலில் பறையடிப்பவருக்கு நாற்காலி இருந்ததா என்று பண்டிதரிடமும் கேட்க வேண்டும். ஒரு படி ஏறியவர்கள் அடுத்த படியில் நிற்பவரை மறந்துபோவதுதான் சாதி அமைப்பு உயிரோடிருக்கும் வழி.

ஆரணிப் பக்கம் நெய்கிறவர்களுக்குக் குறை சொல்வதில் இரண்டு வகை உண்டு என்று தெரியும். முதலாளி புடவையை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பார். குறை கண்டால் கூலியில் பிடிப்பார். பக்கத்துத் தறிக்காரரும் அதே குறையைக் காண்பார். எழுந்து வந்து அறுந்த இழையை முடிந்து கொடுத்துவிட்டுப் போவார். நம் கூட்டத்தில் இரண்டாவது வகைதான் வேண்டும்.

ஆகவே மூன்றே மூன்று வேண்டுகோள். முழுப் பாட்டையும் கேட்டபிறகு பேசுவோம். குரு யார், தெரு எது என்று கேட்கமாட்டோம். “நன்றாயிருக்கிறது”, “சரியில்லை” என்பதோடு நிறுத்தாமல், எந்த அடியில், எந்தச் சொல்லில், எந்த எடுப்பில் என்று இடத்தைக் காட்டுவோம். ஒடுக்கப்பட்டவர் பாட்டு என்பதற்காகப் பிழையை மறைத்துப் பாராட்டுவதும் அவமதிப்புதான். அனுபல்லவி கேட்காமல் அனுப்பிவைத்த அந்த ஆசிரியருக்கும் அப்படிப் பாராட்டுகிறவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. இருவருமே பாட்டைக் கேட்கவில்லை.

இன்று ஆறு பேர் பாட்டு கொண்டுவந்திருக்கிறீர்கள். திருத்தி எழுதி அடுத்த மாதம் மறுபடி வாருங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். தாளின் கீழே உங்கள் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். ராஜா பெயர் மட்டும் நின்றுபோன ஊர் இது.

இப்போது பாடலாம். நாங்கள் கேட்கிறோம்.