கல்லமேட்டு எலும்பு

ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1987-ல் ‘பிருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். பிருகத் காயம் என்றால் பேருடல். முதலில் அதை மாமிசம் தின்னும் டைனோசர் கணக்கில் எழுதினார்கள். ஆனால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பே சுமார் 2 மீட்டர்! இலைதழை தின்ற, நீண்ட கழுத்துள்ள சாரோபாட் இனத்துக்குத்தான் அந்த அளவு பொருந்தும். பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்குக்கு மாற்றினார்கள்.

எலும்பை எடுத்துச் சரிபார்க்கலாமே என்பீர்கள். முடியாது. அவை உதிர்ந்து அழிந்துவிட்டன. மிஞ்சியவை சில படங்களே. அது கல்மரமாக இருக்குமோ என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள்.

வங்கியில் வவுச்சர் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். லெட்ஜரில் தலைப்பு மாறிப்போனால் திருத்தலாம். வவுச்சரே காணோம் என்றால் எதை வைத்து டாலி செய்வது? இங்கே எலும்புதான் வவுச்சர்.

ஆகவே, பேரன் பேத்திகளோடு அந்தப் பக்கம் போனால் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பாருங்கள். வயலில் விசித்திரமான கல் கண்டால் ஷோகேஸுக்கு எடுத்து வராதீர்கள். இடத்தைக் குறித்து அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள்.