விருந்தினர் அறையும் வடதுருவப் பனியும்

(சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)



மீன் வாங்கி வந்தால் பையில் உள்ள ஐஸ் மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் கரைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு வடதுருவத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம், நம் கீழ்த்தளத்து விருந்தினர் அறை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கலைஞர்களை ஓரிடத்தில் தங்கவைத்து, "பாருங்கள், செய்யுங்கள்" என்று விட்டுவிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. ரெசிடென்சி என்பார்கள். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் ஒரு பாய்மரக் கப்பலே அப்படித் தங்குமிடமாக இருக்கிறது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் 2008 முதல் அதே தீவுக்கூட்டத்தில்தான் இயங்குகிறது.

டெல்லியில் பிறந்த ஹிமாலி சிங் சோயின் 2017-ல் வடதுருவப் பகுதிக்குப் போனார். அங்கே எடுத்த காட்சிகளை வைத்து ஒரு படம் செய்தார். 2019-ல் லண்டனில் பிரீஸ் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. பனியுகம் வந்து தங்கள் நாட்டை மூடிவிடுமோ என்று 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்த பயத்தை அந்தப் படம் எடுத்துக்கொள்கிறது. இன்று நம் பயம் நேர்மாறானது. பனி உருகி, கடல் ஏறிவிடுமே என்கிறோம். புதுச்சேரிக் கடற்கரையில் நிற்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டென்மார்க்கில் பிறந்த ஓலஃபுர் எலியாசன், கிரீன்லாந்துக் கடலில் மிதந்த 12 பனிப்பாளங்களை 2015-ல் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். பருவநிலை மாநாடு நடந்த நேரம் அது. நடுத்தெருவில் கடிகாரம்போல் வட்டமாக வைத்தார். மக்கள் தொட்டார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். அவர்கள் கண்ணெதிரே பனி கரைந்தது. விஞ்ஞானிகள் கணக்கில் சொல்வதை அவர் கையில் தொடவைத்தார்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பெயரிலேயே மதகு இருக்கிறது. அந்த மதகு எங்கே என்று என் பேத்தி கேட்டாள். ஆறு வருடமாக இங்கே குடியிருக்கிறேன், எனக்குக் கைகாட்டத் தெரியவில்லை. செவ்வாய்ச் சந்தைக்குப் போகிறோம், குண்டாங்குழி மகாதேவர் கோயிலுக்குப் போகிறோம். ஏரிக்கரையில் ஒருநாள் நின்று தண்ணீரைப் பார்த்தோமா?

என் கோரிக்கை இதுதான். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்து ஓவிய மாணவர் ஒருவருக்கு, ஆண்டுக்கு ஒரு மாதம் அந்த அறையைக் கொடுப்போம். நம் ஏரியையும் மதகையும் அவர் பார்க்கட்டும், வரையட்டும். ஆண்டுவிழாவில் நம் பிள்ளைகளுக்குக் காட்டட்டும்.

"கல்யாணத்துக்கு வரும் உறவினரை எங்கே தங்கவைப்பது?" என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆடி மாதம் கொடுப்போம். ஆடியில் கல்யாணம் கிடையாது, அறை எப்படியும் பூட்டித்தான் கிடக்கும்.

துருவத்துக்கு நாம் போகப் போவதில்லை. ஏரிக்கரைக்காவது போவோம். சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள்.