மாவும் ஓய வேண்டும்



சென்ற வாரம் எங்கள் பங்கு இல்லத்துக் குசினியில் ஒரு பாடம் கற்றேன். வளைகுடா நாட்டில், ஏமன்காரர்களின் உணவகத்தில் வேலை பார்த்துத் திரும்பிய நம் பங்குத் தம்பி ஒருவர், 'மலாவா' என்னும் ரொட்டி செய்யக் கற்றுத்தந்தார். நம் ஊர் பரோட்டாவுக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். அரைக் கிலோ மைதா, உப்பு, தண்ணீர், நெய், மேலே தூவக் கொஞ்சம் கருஞ்சீரகம், அவ்வளவுதான். பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். உருண்டை பிடித்து, மறுபடியும் அரை மணி நேரம். பிறகு காகிதம்போல் விரித்து, நெய் தடவி, மடித்து, சுருட்டி, இன்னும் சற்று நேரம் வைத்து, கையால் தட்டித் தோசைக்கல்லில் மிதமான தீயில் வேகவைத்தால், அடுக்கடுக்காகப் பிரிந்து வரும்.

எனக்குப் பொறுமை இல்லை. மாலைத் திருப்பலிக்கு நேரமாகிறதே என்று, பிசைந்த உடனேயே விரிக்கத் தொடங்கினேன். இழுத்தால் சுருங்கியது. இன்னும் இழுத்தேன், கிழிந்தது. தம்பி சிரித்துக்கொண்டே, "சாமி, பிசைஞ்ச மாவு முறுக்கா இருக்கும். கொஞ்ச நேரம் விட்டாத்தான் நம்ம கைக்கு இணங்கி வரும்" என்றார்.

அன்று இரவு ஒரு சகோதரியின் முகம் நினைவுக்கு வந்தது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். தினமும் ஒன்றரை ஷிப்ட். கணவருக்கு விசைத்தறியில் இரவு வேலை. "பிள்ளைங்க மேல எரிஞ்சு எரிஞ்சு விழறேன் சாமி" என்று பங்கு அலுவலகத்தில் அழுதார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். நான் அவருக்குச் சொன்ன பதில்: "பொறுமை வேண்டிச் செபியுங்கள்." ஓய்வில்லாத மாவை இன்னும் இழுத்தேன், அவ்வளவுதான்.

இணைச்சட்ட நூல் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையைப் பாருங்கள். வீட்டுத் தலைவருக்கு மட்டுமல்ல. வேலைக்காரருக்கும் வேலைக்காரிக்கும், அந்நியருக்கும், மாட்டுக்கும்கூட ஓய்வு தரச் சொல்கிறார் ஆண்டவர். காரணம், நீங்களும் எகிப்தில் அடிமைகளாக இருந்தீர்கள் என்பது. ஏமன் நாட்டு யூதர்கள் இதை அடுப்பிலேயே கடைப்பிடித்தார்கள். 'குபானே' என்னும் ரொட்டியை வெள்ளி மாலையே மெல்லிய சூட்டில் வைத்துவிடுவார்கள். இரவெல்லாம் அது தானே வெந்து, ஓய்வுநாள் காலையில் உணவாகும். சமைக்கும் பெண்ணுக்கும் அன்று ஓய்வு. 1949, 1950ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 49,000 பேர் விமானங்களில் இஸ்ரயேலுக்குச் சென்றபோது, இந்த ரொட்டிகளும் அவர்களோடு சென்றன.

நம் சாமளாபுரத்தில் ஞாயிறன்று இயந்திரம் நிற்கிறது. ஆனால் துணி துவைப்பதும், தண்ணீர் பிடிப்பதும், சமைப்பதும் யார்? போதாததற்கு, ஞாயிறு மாலை அன்பியக் கூட்டத்துக்கு வரவில்லையே என்று கடிந்துகொண்டவன் நான். அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டேன். இனிக் கூட்டம் மாதம் ஒரு முறை, திருப்பலி முடிந்ததும் அரை மணி நேரம் மட்டும்.

அன்புச் சகோதரர்களே, வரும் ஞாயிறு மாவை நீங்கள் பிசையுங்கள். மாவு ஓயும் அந்த ஒரு மணி நேரம், உங்கள் வீட்டுப் பெண்களும் ஓயட்டும். தறியும் கம்பெனியும் நடத்துவோரே, வடமாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகளும் நீங்கள் ஓய்வு தரவேண்டிய அந்நியரே.

ஏழாம் நாளில் ஓய்ந்திருந்த இறைவன் உங்கள் இல்லங்களுக்கு இளைப்பாறுதல் தருவாராக. ஆமென்.